உரப்பைக்குள் அடங்கும் குசினி

மூடிக்கிடந்த பாதை திறந்ததும் வன்னிக்குள் சாமான் வந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கூடவே குப்பையும் வந்தது என்பேன். அதற்கு முன் எங்களிடம் எறிவதற்கு எதுவுமே இருந்ததில்லை. ரோச் பற்றரியைக்கூட வெயிலில் காயவைத்துத் திரும்பப் பாவித்தோம். சண்டை ஓய்ந்து வவுனியாவிலிருந்து லொறிகள் வரத் தொடங்கிய பிறகுதான் கிளிநொச்சியில் வசதியான வீடுகளில் பிளெண்டர் முளைத்தது. ஜெனரேற்றரில் கரண்ட் ஏறி இறங்கும், மோட்டர் புகைந்துவிடும். மோட்டர் போனால் நல்ல கோப்பையையும் சேர்த்து வளவில் தோண்டிய குப்பைக் கிடங்கில் கொட்டுவார்கள். கோப்பை வெடித்தால் நல்ல மோட்டரும் கிடங்குக்குள் போகும். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழுதான துண்டை மட்டும் மாற்றுகிற மாதிரி ஒருத்தனுக்கும் செய்யத் தெரியாதா என்று என் கணவரோடு சண்டை பிடிப்பேன். பாவம், அவரா பிளெண்டர் செய்து விற்றார்?

அவர் வீதியோரமாக ஒரு வெல்டிங் கடை வைத்திருந்தார். கதவு, கட்டில், தண்ணீர்த் தாங்கிக்குக் கால் என்று எது வந்தாலும் நான் படம் கீறிக் கொடுப்பேன், அவர் ஒட்டுவார். நான் கீறுவது பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஆனால் இரும்புக்கு அது விளங்காது என்பது அவருடைய வழக்கமான நக்கல். அந்தக் கடையில் நாங்கள் செய்த எல்லாவற்றிலும் நான் மனதைக் கொடுத்துச் செய்தது ஒன்றுதான். அது என் பெரியம்மாவின் மகளுக்காகச் செய்தது.

அக்காவுக்கு அக்கராயனில் குளத்துத் தண்ணீர் பாயும் கொஞ்ச வயலும் ஒரு சின்ன வீடும் இருந்தன. கலியாணம் கட்டவில்லை. இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்பிக் காணி துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் கிடந்த கண்ணிவெடி வெடித்து, வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் தொட்டு அவருடைய அண்ணா தன் வீட்டோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்டாவளையில் வயல் வைத்துக் கமம் செய்பவர், நல்ல மனுஷன். தங்கச்சி தனியே கிடந்து பசி கிடக்கப் போகிறாள் என்று உண்மையாகவே பயந்தார். ஒரு தேங்காய் திருவ முடியாத ஆள் எப்படித் தனியே இருப்பது என்பது அவருடைய கேள்வி. அறுவடை முடிந்ததும் தன் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் பெட்டி பூட்டிக்கொண்டு வந்து வீட்டுச் சாமான்களை ஏற்றப் போவதாகவும் சொல்லிவிட்டார்.

அண்ணா சொன்னதும் பொய்யில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து தேங்காய் திருவித் தந்தால் அக்காவுக்குச் சம்பல் இருக்கும், வராவிட்டால் வெறும் சோறும் பருப்பும். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்:

"அண்ணி நல்லவாதான். ஆனா அங்க போனா நான் சாகுமட்டும் விருந்தாளிதான். எனக்கு என்ர அடுப்படியில நிண்டு சமைக்கவேணும்."

அன்று பின்னேரம் கடைக்கு வந்ததும் கீறத் தொடங்கினேன். கைக்குப் பதிலாகக் காலைப் பிடித்துக்கொள்வோம் என்றுதான் யோசித்தேன். இடம்பெயர்ந்தபோது தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிக்கொண்டு ஓடியவர்கள் அதன் காலை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தலையில்லாத கால்கள் வன்னி முழுக்கக் கிடந்தன. அப்படி ஒன்றை எடுத்து, மிதிபலகையையும் சக்கரத்தையும் மட்டும் ஒரு இரும்புச் சட்டத்தில் ஏற்றி, மேலே ஒரு சுழலும் தண்டு பூட்டினோம். தண்டின் முனையில் ஒரு துளை. தேங்காய் திருவும் பல்லுத்தலையும், காய்ந்த செத்தல் மிளகாய் அரைக்கும் இரும்புத்தலையும் அதே துளைக்குள் போகும். ஒரு ஊசியைத் தள்ளினால் போதும், ஒரு கையாலேயே மாற்றலாம். பக்கத்தில் ஒரு பலகை. அதில் மூன்று ஆணி நிமிர்ந்து நிற்கும், வெங்காயத்தை அதில் குத்திவிட்டு அரியலாம்.

நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. சைக்கிள் கடையில் கிடைக்காத சாமான் ஒன்றும் இதற்குள் இருக்கக்கூடாது. சக்கரத்திலிருந்து தண்டைச் சுற்றும் வார் அறுந்தால் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போடலாம். பேரிங் குண்டு தேய்ந்தால் குண்டை மட்டும் மாற்றலாம். மிளகாய் அரைக்கும் தலை, யாரோ எறிந்த, கையால் சுற்றி அரைக்கும் மெஷின் ஒன்றிலிருந்து வந்தது. கிடங்குகளைக் கிளறித் திரிந்த என்னைப் பார்த்து ஊரே சிரித்தது, சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல்நாள் மிதித்தபோது சக்கரம் பின்னுக்குச் சுற்றி, தேங்காய்ப் பாதி பறந்து போய்க் குடத்தில் அடித்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கனகாலம் கண்டதில்லை. என் கணவர் கடைக்குப் போய் ஒரு சைக்கிளின் ஃப்ரீவீலைக் கொண்டுவந்து நடுவில் பூட்டினார். அதன்பிறகு எப்படி மிதித்தாலும் திருவும் தலை முன்னுக்கு மட்டுமே சுற்றியது.

ஆனால் எனக்குப் பெருமை வேறொன்றில். முழுதாகக் கழற்றினால் எல்லாம் ஒரு உரப்பைக்குள் அடங்கிவிடும். அதற்காகவே இரும்புச் சட்டத்தை மெல்லிசாக, மடிக்கும் கால்களோடு செய்திருந்தேன். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் எந்தத் தளபாடத்தையும் முதலில் கழற்றிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். கழறாத கட்டில் எங்கள் கடையில் விலைப்பட்டதே இல்லை. சைக்கிள் கரியரில் கட்ட முடியாத பொருள் பொருளே இல்லை என்று நாங்கள் எல்லாரும் பழகிப்போயிருந்தோம். அக்காவுக்கு முன்னால் ஒருமுறை கழற்றி, பையில் போட்டு, தூக்கியும் காட்டினேன். சரி, இனித் திரும்பப் பூட்டு என்றார் அவர்.

திரும்பப் பூட்டி மிதித்தபோதுதான் வினை தெரிந்தது. பாரமில்லாத சட்டம் ஒவ்வொரு மிதிக்கும் நகர்ந்து சுவர்ப்பக்கம் போயிற்று. அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை இல்லாததால்தானே இவ்வளவும் செய்தோம். கல்லை வைத்தோம், மணல் பையைக் கட்டினோம், பிறகும் நகர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுவடையோ முடியப்போகிறது.

அக்கா மிதிபலகையிலிருந்து காலை எடுத்தார்.

"மடிக்கிற காலை வெட்டி எறிஞ்சுபோட்டு இதைச் சீமெந்தில பதிச்சு விடுங்கோ."

"திரும்பச் சண்டை வந்து எழும்பி ஓட வேண்டி வந்தா என்ன செய்வியள் அக்கா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

"ஓடுறதை நினைச்சு எத்தினை நாளைக்குச் சமைக்கிறது? நான் இஞ்ச இருக்கப் போறன். இருக்கிற ஆளுக்குச் செய்து தா."

நான் குசினிக்கு என்று நினைத்துக்கொண்டு கீறியதெல்லாம் அடுத்த ஓட்டத்துக்காகக் கீறியது என்று அப்போதுதான் பிடிபட்டது. என் கணவர் என்னைப் பார்க்காமலேயே கால்களை வெட்டத் தொடங்கினார். அடுத்த நாள் நானே சீமெந்து குழைத்தேன். தலைகள் மாற்றலாம், வார் மாற்றலாம், சட்டம் மட்டும் நிலத்தோடு நிலமாக நின்றது. பின்னாளில் சண்டை திரும்ப வந்து நாங்கள் எல்லாரும் எழும்பி ஓடியபோது அந்தச் சட்டம் அங்கேயே நின்றுவிட்டது உண்மைதான். அதற்காக அதைப் பதித்தது பிழை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இடையில் இருந்த வருடங்களில் அக்கா தன் கையால் சமைத்துச் சாப்பிட்டார்.

அறுவடை முடிந்து அண்ணா சொன்னபடியே லாண்ட்மாஸ்டரோடு வந்தார். நானும் அங்கேதான் நின்றேன். அக்கா வாங்கோ இருங்கோ என்று கதிரையைக் காட்டிவிட்டுக் குசினிக்குள் போனார். புட்டு ஏற்கெனவே அவிந்திருந்தது. சம்பலுக்குச் செத்தல் மிளகாயை அரைத்தார், ஊசியை இழுத்துத் தலையை மாற்றினார், தேங்காய் திருவினார், வெங்காயத்தை ஆணியில் குத்தி அரிந்தார். அண்ணா குசினி வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போகாமல் இருக்க என் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் கையைக் கழுவிவிட்டு, மெஷின் நல்லதுதான், அதையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே வைத்துச் சமைக்கலாமே என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து சட்டத்தைப் பிடித்துத் தூக்கினார். அது அசையவில்லை. மறுபக்கம் போய் ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு குந்தியிருந்து அடியைத் தடவினார்.

"இதென்ன பிள்ளை, பதிச்சுப் போட்டாய்?"

"ஓம் அண்ணை," என்றார் அக்கா.

அண்ணா சட்டத்தை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். எழும்பியபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. கோபமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும். சாமான் எதையும் ஏற்றாமலே அவர் வெளியே நடந்தார். லாண்ட்மாஸ்டரடிக்குப் போனபிறகுதான் திரும்பிப் பார்த்து, "அப்ப நான் இடைக்கிடை வந்து பாக்கிறன்" என்றார்.

"வரேக்க சொல்லிப்போட்டு வாங்கோ," என்றார் அக்கா. "கூட ஒரு பிடி அரிசி போடவேணும்."