டீ டம்ளருக்கு அடியில் ஒரு பெயர்ப்பலகை

எங்கள் அலுவலகத்தில் டீ டம்ளர் வைக்க ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. முன்பு தலைமைப் பொறியாளராக இருந்தவரின் பெயர்ப்பலகை அது. பெயர், பட்டங்கள், சங்க உறுப்பினர் தகுதிகள், ஒரு தங்கப் பதக்கம் என்று நான்கு வரிகள் செதுக்கியிருக்கும். வாரம் ஒருமுறை அவரே துணியால் துடைப்பார். தன் பெயருக்கு இவ்வளவு இடம் எடுத்துக்கொண்ட மனிதர், தான் உண்டாக்கியவற்றுக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் பரம கஞ்சன்.

தோல் பதனிடும் ட்ரம்களில் எப்போது எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரசாயனம் விட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் கருவிகளை வேலூரில் செய்கிறோம். அவற்றுக்கென்றே அவர் ஒரு சிறிய நிரல்மொழி எழுதியிருந்தார். நினைவகத்தில் இடம் கேட்க அதில் இரண்டு கட்டளைகள்: ஜி1, ஜி2. ஒன்று இடத்தைத் துடைத்துத் தரும். மற்றது பழைய எண்கள் கிடக்க அப்படியே தரும், கொஞ்சம் வேகம். எது எந்த வேலை செய்யும் என்பதற்குப் பெயரில் ஒரு தடயமும் கிடையாது. ‘கெட் க்ளீன்’, ‘கெட் அன்க்ளீன்’ என்று மாற்றலாமே என்று கேட்டேன்.

“இன்னாய்யா, எல்.கே.ஜி. பசங்களுக்கா எழுதறோம்? புரியாதவன் வேற வேலை பார்த்துக்கட்டும்” என்றார். குழப்பத்தை அறிவு என்று நினைப்பவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அதற்காக இவ்வளவு பெருமைப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

அரக்கோணத்திலிருந்து ரயிலில் வந்துபோகும் பெண் ஒருவர் எங்களோடு வேலை செய்தார். சுத்தமான இடம் கிடைக்கும் என்று நம்பி ஜி1 எழுதிவிட்டார். முந்தைய லோடின் அமில அளவு அங்கேயே கிடந்தது. மேல்விஷாரத்தில் ஒரு தொழிற்சாலையில் கருவி அதைப் படித்து, வேண்டாத அமிலத்தை ஊற்ற, ட்ரம் நிறைய ஆட்டுத்தோல் பாழாயிற்று.

அந்தத் தொழிற்சாலையின் முதலாளி பாய் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். “கழுவாத ட்ரம்னா எங்க ஆளு கதவுல சாக்பீஸ்ல பெருக்கல் குறி போட்டுடுவான் சார். பார்த்த உடனே தெரியும். உங்க மெஷின்ல அந்தப் பெருக்கல் எங்க?”

“ரொம்ப ஈஸி பாய். ஜி1 கழுவினது, ஜி2 கழுவாதது. இதுகூட ஞாபகம் வெச்சிக்கத் தெரியல இந்தப் பொண்ணுக்கு” என்றார் தலைமைப் பொறியாளர்.

“சார், ஜி2தான் கழுவினது” என்றார் அந்தப் பெண், மெதுவாக.

பாய் சிரித்துவிட்டார். “செஞ்சவருக்கே பேஜாரா கீதே!”

அன்று மாலையே அந்தப் பெண்ணின் வேலை போயிற்று. காரணம், கவனக்குறைவு. நான் மேலிடத்தில் வாதாடிப் பார்த்தேன். நான்கு வரிப் பலகைக்காரரின் வார்த்தைதான் நின்றது. அவர் கடைசிவரை ஜி1, ஜி2வைத் தொடவில்லை. பிரிவு உபசார விழாவில் எளிமையைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். பலகையை மேசையிலேயே விட்டுவிட்டார். நாங்கள் பாதுகாப்போம் என்று எண்ணியிருக்கலாம்.

அவருடைய பொறுப்பு என்னிடம் வந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக அந்த இரண்டு பெயர்களையும் மாற்றினேன். அடுத்ததாக அரக்கோணத்துக்குப் போன் செய்தேன். இப்போது அந்த மேசையில் அந்தப் பெண்தான் உட்கார்ந்திருக்கிறார். பலகையை டம்ளருக்கு அடியில் வைத்ததும் அவர்தான். போன வாரம் டம்ளரை நகர்த்திவிட்டு, நான்கு வரிகளையும் நிதானமாகப் படித்தார்.

“எல்லாம் இருக்குது சார். இன்னா வேலை பார்த்தாருன்னு மட்டும் போடல.”

டம்ளரைத் திரும்ப அதன்மேல் வைத்தார்.