பதினான்காம் மேசைக்காரி ரொசாந்தா

லெஸ்கோவாட்ஸ் சந்தையில் ரொசாந்தாவிடம் வாங்கியவர்கள் உண்டு, பேசி நின்றவர்கள் கிடையாது. இருபத்தாறு வருடமாகப் பதினான்காம் மேசை அவளுடையது. சுட்ட சிவப்புக் குடைமிளகாயில் செய்யும் ஐவார் தொக்கை விற்பாள். ருசி பார்த்துவிட்டு வாங்காமல் நகர்கிறவரை, "காலைச் சாப்பாடு முடிஞ்சுதா?" என்று சத்தமாகக் கேட்பாள்.

பக்கத்து மேசையில் முட்டைக்கோஸ் விற்கும் செடோமிரோடு பேச்சு நின்று பதினோரு வருடம். "அவ தொக்குல பாதி கேரட்டு" என்று அவர் யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. மிளகாயைக் குறைத்து மலிவான கேரட்டைக் கலக்கிறாள் என்பதைவிடப் பெரிய வசவு எங்கள் ஊரில் இல்லை.

ஏழு மணிக்குச் சந்தை அதிகாரி வரிசையைப் பார்வையிடுவார். மாதத்தில் மூன்று முறை மேசை காலியாக இருந்தால் இடம் போய்விடும். மொத்தமாக வாங்கி மலிவாக விற்கும் தரகன் எவனாவது வந்து உட்காருவான். அதனால் ஒருவர் வராவிட்டால் பக்கத்து மேசைக்காரர் தன் சரக்கில் கொஞ்சம் அங்கே பரப்பிவிடுவார். சண்டைக்காரர்களும் செய்வார்கள். அதிகாரி கண்டுகொள்ள மாட்டார். ரொசாந்தா மட்டும், "என் மேசைல அந்த ஆளு கை பட்டா வெட்டிருவேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். செப்டம்பரில் முழங்கால் வலியால் இரண்டு நாள் வரவில்லை. இரண்டு நாளும் காலி என்று பதிவானது.

அதே மாதம் ஒருநாள் அவள் வந்த வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. தொக்குப் பாட்டில்களை அதிலேயே விட்டு நடந்தே வந்தாள். ஏழாக ஐந்து நிமிடம். மேசையில் செடோமிரின் ஆறு முட்டைக்கோஸ்கள்.

"எடுக்காதக்கா, அதிகாரி வர்றாரு" என்றேன், எதிர் வரிசையில் என் மேசையிலிருந்து.

ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள்.

"பைத்தியக்காரி, உனக்காகவா வெச்சேன்?" என்றார் செடோமிர். "தரகன் வந்தா என் பக்கத்துலயே பாதி விலைக்கு விப்பான்."

"விக்கட்டும். நீ பட்டினி கிட."

அதிகாரி வந்தார். மேசையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இதெல்லாம் உங்களோடதாம்மா? ஆமான்னு சொல்லுங்க, நான் போயிட்டே இருக்கேன்."

"அவளோடதுதான்" என்றார் செடோமிர்.

"பொய். இந்த அழுகல என்னோடதுன்னு நான் சொல்லணுமா? நான் விக்கிறது தொக்கு. அதுல கேரட்டு கிடையாது. எழுதிக்க."

அதிகாரி எழுதிக்கொண்டார்: பதினான்காம் மேசை காலி, மூன்றாம் முறை.

திங்களன்று அந்த மேசையில் ஒரு தரகன் பாதி விலை முட்டைக்கோஸோடு வந்து உட்கார்ந்தான். ரொசாந்தா இப்போது சந்தைக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் நின்று விற்கிறாள். எங்கள் வரிசையில் யாரும் அவளிடம் வாங்குவதில்லை. விற்காத முட்டைக்கோஸை வண்டியில் தள்ளிக்கொண்டு செடோமிர் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கடக்கும்போது வண்டியிலுள்ள மூட்டைகளை அவள் எண்ணிச் சிரிக்கிறாள்.