வாலை மட்டும் படித்தவள்

ஆஸ்பத்திரிப் பதிவறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கோப்பு அடுக்கும் அக்காவுக்கு வைத்தியம் தெரியாது. நோய்ப் பெயர்களின் வால் மட்டும் தெரியும். ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் வீக்கம், ‘ஓமா’ என்றால் கட்டி, ‘எக்டமி’ என்றால் எதையோ வெட்டி எடுத்தாயிற்று. யாரும் சொல்லித்தரவில்லை. ஐடிஸ்காரர்கள் கோப்பு வாங்கத் தாங்களே வருவார்கள். ஓமாக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள்தான் வருவார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துப் படிந்ததுதான்.

அன்று காலை வந்த கோப்புகளில் அவள் புருஷனுடையதும் இருந்தது. ஒரு மாத வயிற்றுவலி. அக்கா அதைத் தனியே வைத்துவிட்டு, மற்ற நாற்பதையும் நிதானமாக அடுக்கி முடித்தாள். அதற்குள் அவரே ஜன்னலில் வந்து நின்றார்.

“நானே நேர்ல வந்துட்டேன். உன் கணக்குப்படி வெறும் வீக்கந்தானே?”

“சொந்தக்காரியும் இங்கதானே இருக்கேன்.”

அக்கா அவர் கோப்பைத் திறந்து, நோய்ப் பெயரின் முன்பாதியைக் கட்டைவிரலால் மறைத்து, வாலைப் பார்த்தாள்.

“ஐடிஸ்.”

“ஆபீஸ்ல ஆபரேஷன்னு பதினஞ்சு நாள் லீவு சொல்லிட்டேனே.”

“போய் டாக்டரைப் பாருங்க. அப்புறம் அந்த லீவுல பரணைச் சுத்தம் பண்ணுங்க,” என்றாள் அக்கா. கட்டைவிரலை எடுக்கத்தான் கொஞ்ச நேரமாயிற்று.