டாக்டரம்மாவின் கண்ணுக்காக ஒரு துஆ

சகோதரர்களே, பாதி பாங்கில் குரல் நின்றுபோனவன் எழுதுகிறேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு சிறிய பள்ளிவாசலில் பதினான்கு வருடமாகத் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார் நான். போன ரமலான் முடிந்த கையோடு இருமல் பிடித்தது. ஒருநாள் விடியற்காலை சுபுஹுப் பாங்கில் குரலே எழவில்லை. மைக்கில் ஊர் முழுக்க என் இருமல்தான் கேட்டது. வெட்கத்தில் செத்துப்போனேன்.

படம் எடுத்ததில் நெஞ்சுக்குள் நெறி கட்டியிருந்தது. காசநோயாக இருக்கலாம் என்றார்கள். எனக்கென்று தனித்தட்டு எடுத்து வைத்துக்கொண்டேன். பள்ளிக்குப் போவதையும் நிறுத்தினேன்.

சேலத்தில் வாய்வழியாகக் குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். அதைப் பரிசோதித்த டாக்டரம்மா விளக்கினார். காசநோயிலும், சார்காய்டோசிஸ் என்ற இன்னொரு நோயிலும் சதையில் ஒரே மாதிரி சிறுசிறு உருண்டைகள் தெரியுமாம். காசநோய் என்றால் பெரும்பாலும் நடுவே அழுகியிருக்குமாம். எனக்கு அழுகல் இல்லை. சாயம் போட்டுப் பார்த்தும் கிருமி தெரியவில்லை. அப்புறமென்ன, சார்காய்டோசிஸ் மருந்தைக் கொடுங்கள் என்றேன். நான் ஒரு அவசரக்குடுக்கை.

"அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் பாய். உள்ளே காசநோய் ஒளிஞ்சிருந்தா பரவிடும். எடுத்த சதையில கிருமி வளருதான்னு ஆறு வாரம் வெச்சுப் பார்க்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தொழுகைக்குத் தொழுகை, காசநோய் வேண்டாம், வேண்டாம் என்றே அழுதேன். என் மனைவி நூர்ஜஹானுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, அல்லாகிட்டயே பேரம் பேசறீங்க? என்ன சீக்குன்னு அந்த டாக்டரம்மா கண்ணுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்க. மீதிய அவன் பாத்துக்குவான்."

சுருக்கென்றது. அன்றிலிருந்து என் துஆவில் அப்படியே கேட்டேன். மனம் லேசாகித் தூக்கமும் வந்தது.

ஆறு வாரம் கழித்து ஃபோன் வந்தது. கிருமி வளரவில்லை. மற்ற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்துச் சார்காய்டோசிஸ்தான் என்று முடிவு செய்து மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இருமல் அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்! என் தனித்தட்டில் இப்போது நூர்ஜஹானின் கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன.

நோயில் தவிப்பவர்களே, துஆவை விடாதீர்கள். சதை எடுக்கவும் பயப்படாதீர்கள். நாம் அவசரப்படும்போது பொறுமையாகப் பார்க்கிற டாக்டரும் அல்லாஹ் அனுப்பிய உதவிதான்.

மறுபடி நான் சுபுஹுப் பாங்கு சொன்ன அன்று, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பழனிசாமி அண்ணன் பள்ளி வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தார். என் பாங்கு கேட்டு எழுந்துதான் தினமும் கொடிக்காலுக்குப் போவார்.

"வேற யாரு சொன்னாலும் எனக்கு முழிப்பே வரலீங்க பாய். மூணு மாசமா அலாரம் வெச்சுத்தான் எந்திரிச்சேன். இனி அது வேண்டாமுங்க" என்றார்.

அங்கேயே நின்று அழுதேன். ஒரு முறைகூட இருமவில்லை.