ரமீரோ செதுக்கச் சொன்ன பெயர்கள்

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ஹெக்டர் மற்ற எல்லாருக்கும் எழுதி அனுப்பியிருந்தார். எனக்கு மட்டும் போன் எடுத்தார். எனக்கு வாசிக்கத் தெரியாதென்று அவருக்குத் தெரியும். "அண்ணை" என்று கூப்பிட்ட குரல் வழக்கமானதாக இல்லை. ரமீரோ போய்விட்டார் என்று அதிலேயே விளங்கிவிட்டது. ரமீரோவின் நெஞ்சு வருத்தம் முற்றிவிட்டதை அறிந்திருந்தும், கையிலிருந்த தேநீரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

லண்டனில் மிட்சம் என்ற இடத்து மண்டபத்தில் ஞாயிறுதோறும் அவரோடு கையில் மை படிய நின்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

ரமீரோ கொலம்பியாக்காரர். நானும் அவரும் ஒரே கட்டடத்தில் பதினொரு வருடம் கிளீனிங் வேலை செய்தோம். ஹெக்டர் அவருடைய வாழ்க்கைத் துணைவர். தான் ஆணை நேசிக்கும் ஆண் என்பதை ரமீரோ எவரிடமும் மறைத்ததில்லை. வேலையிடத்தில் ஒருவன் அதைச் சொல்லி நையாண்டி பண்ணினான். "ஓம், அதோடை உன்னைவிட வடிவாக் கண்ணாடியும் துடைப்பன்" என்றார் ரமீரோ. அவர் பேசியது உடைந்த ஆங்கிலம். என் காதில் எங்கள் பேச்சாகவே விழுந்தது.

மண்டபத்துக்கு அவருடைய ஆட்கள் வருவார்கள். ஆணை நேசித்த ஆண்கள், பெண்ணை நேசித்த பெண்கள்; சொந்த நாட்டில் வீட்டார் கைவிட்டவர்கள், இங்கே விசாவுக்குக் காத்திருந்தவர்கள். லினோலியம் என்கிற தரைவிரிப்புத் துண்டில் எழுத்தைச் செதுக்கி, மை உருட்டி, தாளை விரித்து, சமையல் கரண்டியின் முதுகால் தேய்ப்போம். அச்சு இயந்திரம் ஒன்றும் கிடையாது. அவர்களுடைய உரிமை ஊர்வலத்துக்குப் போகும் பதாகைகள் எல்லாம் அந்தக் கரண்டிகளில் பிறந்தவைதான்.

நான் முதலில் போனது மேசை தூக்க. அங்கே ஒரு கூத்தைக் கண்டேன். அச்சுக்கு எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். படித்தவர்களின் கை தன்பாட்டில் நேராக வெட்டிவிடும், தாள் பழுதாகும். எனக்கு எழுத்து வெறும் வளைவும் கோடும்தானே, பிழை வரவில்லை. அன்றிலிருந்து எழுத்து வேலை முழுக்க என்னுடையது. ஆனால் வெட்டுமுன் ஒவ்வொரு சொல்லும் என்னவென்று ரமீரோ சொல்லித் தருவார். "விளங்காமல் வெட்டினால் அது உங்கட வேலையில்லை, அண்ணை" என்பார்.

ஒரு மாலை டிராமுக்கு நடக்கையில், தமிழ்க்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலைக் காட்டி என்னவென்று கேட்டார். எல்லாம் ஒரே அச்சு என்பதால் வாசிக்காமலே சொன்னேன்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், மச்சான், சகலன் என்று எல்லார் பெயரும் வரும். தூறலில் நின்று கேட்டார்.

"அப்ப ஹெக்டரை எங்கை போடுவியள்?"

அந்த உறவுக்கு அதில் இடமில்லை என்றேன். சொன்ன வாய் மூடமுன் என் தம்பி சிவநேசன் நினைவில் வந்து நின்றான்.

டிராமில் அவருக்குப் பக்கத்தில் இருந்தபடி அவன் கதையைச் சொன்னேன். தம்பி ஹவுன்ஸ்லோவில் யோகராசாவோடு பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தான். இருவருக்கும் விமான நிலையத்தில் வேலை. நாங்கள் யோகராசாவை 'கூட இருக்கிற பெடியன்' என்போம். எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தம்பி செத்தபோது அறிவித்தலுக்குப் பெயர்களைப் போனில் சொன்னவன் நான். கனடாவில் இருக்கும் பெறாமக்களான சகோதரர் பிள்ளைகள் வரை சொன்னேன். யோகராசாவை விட்டுவிட்டேன். செத்தவீட்டில் அவன், வந்தவர்களின் கோட்டுகள் தொங்கிய மூலையில் நின்றான்.

"எழுதினது வேறை ஆள்" என்றார் ரமீரோ. "சொன்னது நீங்கள்."

அடுத்த ஞாயிறு பெரிய தாளோடு வந்தார். அவருடைய சிநேகிதன் ஒருவன் இறந்து, குடும்பம் துணைவனுக்குச் சொல்லாமலே உடலை ஊருக்குக் கொண்டுபோயிருந்தது. அவனுக்கு எங்கள் முறைப்படி அறிவித்தல் செய்தோம்: பிறப்பிடம், வதிவிடம், முதல் பெயராகத் துணைவனின் பெயர். பிறகு இப்படியான அறிவித்தல்கள் ஒவ்வொன்றாகக் கூடின. ஊர்வலத்தில் அவற்றைத் தூக்கி நடந்தபோது தெருவோரம் நின்றவர்கள் பாட்டை விட்டுவிட்டு வாசித்தார்கள். ரமீரோ ஒரு சட்டம் வைத்திருந்தார்: உயிரோடிருப்பவரைக் கேட்காமல் அவர் பெயரை வெட்டக்கூடாது.

போன மாதம் கட்டிலில் கிடந்தபடி, "என்ரதை நீங்கள்தான் வெட்ட வேணும்" என்றார். நான் கதையை மாற்றினேன். அவர் மாற்றவிடவில்லை.

அவர் போன பிறகு, கொலம்பியாவிலிருந்து ரமீரோவின் தங்கை அனுப்பிய அறிவித்தலில் தன் பெயர் இல்லை என்று ஹெக்டர் சொன்னார், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல. நான் இரண்டு நாள் இருந்து வெட்டினேன். ஸ்பானிய மொழியிலும், மகள் எழுதித் தந்த தமிழிலும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். "கொலம்பியாவைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்ட ரமீரோ, ஹெக்டரின் அன்புத் துணைவர்." ஹெக்டரே கரண்டியால் தேய்த்தார். தாளைத் தூக்கியதும் தன் பெயர்மேல் விரலை வைத்தார். ஈரம் காயவில்லை, மை விரலில் ஒட்டியது. துடைக்கவில்லை.

அன்றே யோகராசாவுக்குப் போன் எடுத்தேன். பல வருடமாகப் பேச்சில்லை. தம்பியின் அறிவித்தலில் அவன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"இப்ப ஏன் அண்ணை?" என்றான்.

ரமீரோவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "போடுங்கோ" என்றான். "அப்பாவின்ர பேரோடை, முழுப்பேராப் போடுங்கோ."

ரமீரோவின் உளி என்னிடம் இருக்கிறது. அதோடு அவர் டிராமில் சொன்ன "சொன்னது நீங்கள்" என்ற அந்தச் சொல்லும். ஆகவே இதையும் நானே சொல்கிறேன், மகள் எழுதட்டும்:

நயினாதீவைப் பிறப்பிடமாகவும், ஹவுன்ஸ்லோவை வதிவிடமாகவும் கொண்டிருந்த என் தம்பி சிவநேசன், சின்னத்துரை யோகராசாவின் அன்புத் துணைவர் ஆவார்.