எந்த அரசாங்கம்?

லியோனா கோவாச்சின் பிழைப்பில் மண்ணைப் போட்டது ஒரே ஒரு சொல்: அரசாங்கம். அவளைப் பொறுத்தவரை அது ஒன்றுதான். பென்சில்வேனியாவின் அந்த நிலக்கரி ஊரில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் அப்படித்தான்.

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துத் தைத்தே விரல்கள் முடங்கிப் போனவள். சுரங்கத் தூசி புருஷனைக் கொண்டுபோன பிறகு, வருஷக்கணக்கில் காத்துக் கிடந்து முதியோர் குடியிருப்பில் குறைந்த வாடகைக்கு ஒரு வீடு பிடித்தாள். வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்தில் பியரோகிக் கொழுக்கட்டை பிடிக்கப் போவாள்; விரல் மடங்காத நாளில் சும்மா உட்கார்ந்து எல்லோரையும் வம்புக்கு இழுப்பாள். வலி மாத்திரைகள் அவளைத் தூங்கத்தான் வைத்தன. கடைசியில் மருத்துவர் கஞ்சா எண்ணெய்க்குச் சிபாரிசு செய்தார். மாநில அரசு அனுமதி அட்டை கொடுத்தது. மாநில உரிமம் பெற்ற கடையில் வாங்கினாள். கை மறுபடி கையானது.

வருஷாந்தர வீட்டுச் சோதனைக்கு ஆய்வாளரோடு வந்த குடியிருப்பு மேலாளர் கர்ட்டிஸ், அலமாரியில் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தும் பார்க்காதவன் போலக் கதவை மூடப் போனான். நல்ல பிள்ளை. இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

“பயப்படாதப்பா, திருட்டுச் சரக்கு இல்ல. அரசாங்கமே குடுத்தது!”

“எந்த அரசாங்கம்மா?” என்றார் ஆய்வாளர்.

“ஏன், எத்தனை இருக்கு?”

இரண்டு இருந்தன, பாவி மகளே! கட்டடம் வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் பணத்தில் நடப்பது. எந்த மாநிலம் என்ன அட்டை கொடுத்தாலும் வாஷிங்டனுக்குக் கஞ்சா கஞ்சாதான். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தது.

நீதிபதி உள்ளூர்க்காரர். “நம்ம மாநிலச் சட்டப்படி நீங்க ஒரு தப்பும் பண்ணல, லியோனாம்மா. ஆனா வீடு அவங்க காசு. எண்ணெயை விட்டுடறேன்னு சொல்லுங்க, வழக்கை வாபஸ் வாங்கிடுவாங்க.”

கர்ட்டிஸ், ‘சொல்லேன்’ என்பதுபோல் அவளைப் பார்த்தான்.

“விட்டுப் பாத்தேன் ஐயா. வழக்கு வந்ததுலேருந்து தொடல. நேத்து என் வீட்டுச் சாவியையே திருப்ப முடியல. அடக்க முடியாம வாசல்லயே நனைச்சுக்கிட்டேன். இவன்தான் வந்து திறந்துவிட்டான். கேட்டுப் பாருங்க.”

கர்ட்டிஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒரு அரசாங்கம் கையைக் குடுத்துச்சு, இன்னொண்ணு வீட்டைக் குடுத்துச்சு,” என்றாள் லியோனா. “ரெண்டையும் சேத்து வெச்சுக்கக் கூடாதுன்னா, எதை வெட்டிப் போடணும்னு நீங்களே சொல்லுங்க.”

நீதிபதி காலி செய்யும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.