கம்பியில் இடமில்லை

போன வாரம் கொல்லிமலைக்கு பஸ்ஸில் போனேன். காரவள்ளி தாண்டி மலை ஏற ஆரம்பித்து, பாதி வளைவுகள்கூட முடிந்திருக்காது. பஸ் நின்றுவிட்டது. எதிரே ஒரு லாரி, வளைவில் திரும்ப முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸைப் பின்னால் எடுத்து வழி விட்டார்.

லாரி எங்களை உரசுகிற மாதிரி இறங்கிப் போனது. அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று. பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர். இரண்டும் துருப்பிடித்திருந்தன.

"ஜமால் பாய் மெஷினுங்க. காயலான் கடைக்குப் போகுது," என்றார் கண்டக்டர், யாரும் கேட்காமலே.

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் தெரியுமா? அந்த மெஷின் ஒரு நாள்கூட ஓடவில்லை. ஓடவிடாமல் செய்தவர்களில் நானும் ஒருவன்.

நான் மின்சாரத் துறையில் குப்பை கொட்டி ரிட்டையர் ஆனவன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். டிரான்ஸ்மிஷன் பிரிவு. கோபுரங்கள், கம்பிகள், சப்ஸ்டேஷன்கள்... ஆபீஸ் கூத்துகளை எத்தனையோ முறை சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறேன். இந்த வாரம் சிரிப்பு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜமால் பாய்க்கு அடிவாரத்தில் ஐஸ் ஃபாக்டரி. மின்வெட்டு வந்தால் பாதி உறைந்த ஐஸ் மறுபடியும் தண்ணீர். ஒவ்வொரு கோடையிலும் இதே கதை. மனிதர் யோசித்தார். மலைமேல் வளப்பூர் நாட்டில் பொன்னன் என்று ஒரு விவசாயி. மிளகு வாங்கப் போன வகையில் பழக்கம். பொன்னன் நிலத்தை ஒட்டி ஓர் ஓடை, நல்ல உயரத்திலிருந்து விழுகிறது. அங்கே சின்னதாக ஒரு டர்பைன் வைத்து கரண்ட் எடுத்து, கம்பி வழியாகவே ஃபாக்டரிக்குக் கொண்டுவந்தால் என்ன?

கம்பி யாருடையது? எங்களுடையது. அதில் வெளி ஆளுக்கு நாங்கள் இடம் கொடுத்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. பின்னாலேயே ஓபன் ஆக்சஸ் விதிமுறைகளும் வந்தன. விஷயம் எளிது — கம்பியில் இடம் இருந்தால், கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். வாடகை வாங்கிக்கொள்ளலாம். மறுப்பதென்றால் இடமில்லை என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும்.

பாய் அந்தப் புத்தகத்தை வாங்கி, பச்சை மையால் கோடு போட்டுப் படித்திருந்தார். பொன்னனுக்கும் படித்துக் காட்டினார். வருகிறதில் பங்கு என்று பேச்சு. வாய்க்கால் வெட்டவும் ஷெட் போடவும் பொன்னன் தன் நிலத்தில் பாதியைக் கொடுத்தார். மிளகுக் கொடி படர்ந்திருந்த சில்வர் ஓக் மரங்களைத் தன் கையாலேயே வெட்டினார். அனுமதி வருவதற்கு முன்பே மெஷின் மலையேறிவிட்டது. அச்சில் வந்த சட்டத்தை அப்படியே நம்பினார்களே, அதுதான் இருவரும் செய்த தப்பு.

அதே புத்தகத்தை நாங்கள் எப்படிப் படித்தோம்?

எங்கள் மேலதிகாரி கூட்டம் போட்டார். "நாம கோபுரம் நட்டு, நாம கம்பி இழுத்து, எவனோ வந்து அதுல கரண்ட் ஓட்டுவானா? இன்னிக்கு ஒரு ஐஸ்காரன். நாளைக்கு மில்காரன் அத்தனை பேரும் வரிசையில நிப்பான். அப்புறம் நம்மகிட்ட யாருய்யா கரண்ட் வாங்குவா?"

நாங்கள் தலையாட்டினோம். நானும்தான்.

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்விதான். எட்டுக் கேள்வி இருந்தால் எட்டுக் கடிதம். மேப் எங்கே என்று கேட்போம். மேப் வரும். மேப்பில் கையெழுத்து எங்கே என்று கேட்போம். பாய் ஒவ்வொன்றுக்கும் பதிலோடு நேரில் வந்து நின்றார்; சில சமயம் பொன்னனும் கூட. இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. ஓடைத் தண்ணீர் பொன்னன் கண்ணெதிரே வீணாக விழுந்துகொண்டிருந்தது. ஆனால் பாய் சளைக்கவில்லை... கடைசியில் எங்களிடம்தான் கேள்வி தீர்ந்துபோனது.

"இடமில்லைன்னு எழுதிடுங்க. நம்பர் நீங்க எடுத்துக் குடுங்க," என்றார் மேலதிகாரி, என்னிடம்.

மலைக்குப் போகிற லைன் அப்படியொன்றும் நிரம்பி வழிகிற லைன் இல்லை. மேலே என்ன ஸ்பின்னிங் மில்லா ஓடுகிறது? சப்ஸ்டேஷன் ரிஜிஸ்டரை உட்கார்ந்து புரட்டினேன். ஒரே ஒரு நாள் மாட்டியது. ஆடித் திருவிழா சாயங்காலம். சீரியல் லைட், மைக் செட், ராட்டினம், நூற்றுக்கணக்கில் கடைகள். அந்த நேரத்து ரீடிங் மட்டும் லைனின் எல்லையைத் தொட்டிருந்தது. அதைத் தேதியோடு எடுத்து, 'உச்ச பளுவின்படி இடமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யா? ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

கடிதத்தோடு பாய் வந்தார். சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தேன். போடவில்லை.

"ஏனுங்க சார், திருவிழா அன்னிக்கு மலைக்குப் போற பஸ்ஸுல நிக்கக்கூட எடமில்லை. சரீங்க. அதே நேரத்துல கீழ எறங்குற பஸ்ஸு காலியாத்தானுங்களே வருது? என்ற கரண்டு மேல இருந்து கீழதானுங்க வருது?"

பாய் பத்தாவது ஃபெயில். நான் இன்ஜினீயர். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. சொல்லப்போனால், மலைமேலேயே கரண்ட் உற்பத்தியானால் கீழிருந்து ஏறுகிற பளு குறையும். திருவிழா அன்றைக்கு அந்த மெஷின் எங்களுக்குத்தான் உபகாரம் செய்திருக்கும். எழுதும்போதே இது எனக்குத் தெரியும்.

"மேலிடத்து முடிவு, பாய்," என்றேன்.

"மின்சாரக் கமிஷன்ல முறையிடலாம்னு வக்கீலு சொல்றாருங்க. நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். எறங்குற பக்கம் எடம் இருக்குதுன்னு. அது போதுமுங்க."

எனக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த நேரத்தில் மேலதிகாரிக்கு எதிராக ஒரு வரியா?

"பார்க்கலாம், பாய்."

அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சரியாக மேஜைக்கடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார். ஆதாரம் இல்லாமல் முறையிட முடியாது என்று வக்கீலும் கைவிரித்துவிட்டாராம். ஐஸ் ஃபாக்டரியைப் பூட்டிவிட்டு, பாய் இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார்.

சட்டத்தை மீறுகிறவர்களால்தான் நாடு கெடுகிறது என்று மேடையில் பேசுகிறோம். நாங்கள் எந்த விதியை மீறினோம்? ஒன்றைக்கூட இல்லை. ஒவ்வொரு விதிக்கும் பக்க எண் போட்டு, ஃபைலில் கட்டி, அழகாக ஓர் ஆளை முடித்துவிட்டோம்.

நான் மலைக்குப் போனதே பொன்னனைப் பார்க்கத்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும். ரிட்டையர் ஆன நாளிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

பொன்னன் அந்த வாய்க்காலை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார். ஓரமாக முழங்கால் உயரத்துக்குப் புது சில்வர் ஓக் கன்றுகள்.

"வாங்க சார், வாங்க. மெஷினு இப்பத்தானுங்க போச்சு," என்று மண்வெட்டியைக் கீழே போட்டார். "இந்த மரம் வளந்து, கொடி ஏறி, மிளகு புடிக்க ஏழெட்டு வருசமாகுமுங்க. அதுவரைக்கும் நானும் பொண்டாட்டியும் கூர்க்குல காப்பி எஸ்டேட்டு வேலைக்குப் போயிட்டு வாரோமுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"பாய் எல்லாம் சொன்னாருங்க. 'அந்த சாரு நமக்காக எவ்வளவோ மல்லுக்கட்டுனாரு பொன்னா, மேல இருக்கறவங்கதான் விடல, அவரு மேல வருத்தப்படாதே'ன்னு."

வீட்டுக்குள் போனவர் செய்தித்தாளில் ஒரு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்தார். மிச்சமிருக்கிற கொடிகளில் காய்த்த மிளகாம். இரண்டு கைகளாலும் நீட்டினார்.

வரிசைப்படுத்தி வைத்திருந்தேனே... அதில் முதல் வார்த்தையாவது வரவேண்டுமே?

"காரம் நல்லா இருக்குமா?" என்று கேட்டேன்.

"இருக்குமுங்க சார்," என்றார் பொன்னன். வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

பொன்னனுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.